ஜமுக்காளப் பை

உடம்பெல்லாம் புண்ணாகக் கிடந்த கண்ணாடிவிரியனுக்கு நோய் இல்லையாம். எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுமினுவென்று இருந்த நல்லபாம்புக்கு நோய் இருக்கிறதாம். பரிசோதனை முடிவு அப்படித்தான் வந்திருக்கிறது என்று பிரியதர்ஷினி போனில் சொன்னபோது, லூர்துமேரி பள்ளிக்கூடச் சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். மத்து அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், மாத்திச் சொல்றீங்க. விரியனுக்குத்தான் இருக்கும். நீங்க துடைச்சு எடுத்த பஞ்சுக்குச்சி கிச்சி மாறிப்போச்சோ என்னமோ, நல்லா பாக்கச் சொல்லுங்க."

"நானும் அதைத்தான் கேட்டேன் மேரிக்கா. ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்துட்டாங்க. அதே மாதிரிதான் வருது."

"அது எப்படிங்க?"

"எனக்கே புரியலைக்கா."

மேரிக்கு இந்தப் பதில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தனக்குப் புரியாமல் இருப்பது சரி. தான் எட்டாவதோடு நின்றவள். கால்நடை மருத்துவம் படித்து முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி என்று படித்துக்கொண்டே இருக்கிற பெண்ணுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குத்தான் புரியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினால், அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை. பாம்பால் அவள் சோறு தீய்வது அதுதான் முதல் தடவை.

பொம்மிடியைச் சுற்றி எந்த வீட்டில் பாம்பு புகுந்தாலும் முதலில் அழைப்பது லூர்துமேரியைத்தான். காலையில் சத்துணவுச் சமையல், மற்ற நேரத்தில் பாம்பு. பல வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூட அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தபோது, ஆசிரியர்கள் எல்லாரும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். சமைத்தாக வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக மேரி அதைத் துடைப்பக்கட்டையால் தள்ளி வெளியே விட்டாள். அப்படித் தொடங்கியதுதான். அப்புறம் வனத்துறைப் பயிற்சிக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டாள். அடிக்கப் போகிறவர்களின் கையிலிருந்து ஒரு உயிரைப் பிடுங்கி மலையடிவாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவளுக்கு ஒரு பெருமை இருக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாள்களில் அவள் வைக்கிற ரசம் நன்றாக இருக்கும் என்று அவள் கணவன் கலைவாணன் சொல்வான். அவன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருக்கிறவன். நாளெல்லாம் இரும்பைப் பார்த்து நடப்பதால் நெளிகிற எதன்மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

பிரியதர்ஷினி வந்தது மழைக்காலத்தில். தருமபுரிப் பெண்தான், படிப்பு சென்னையில். பாம்புக்குத் தோலில் பூஞ்சை பிடிக்கிற நோய் ஒன்று இருக்கிறது, அது இந்த மாவட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வந்து நின்றாள்.

"படை மாதிரிங்களா மேடம்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். நமக்கு வந்ததா இதுவரைக்கும் தெரியலை. பாம்புக்கு வந்தா முகம் வீங்கும், செதில் பொருக்குத் தட்டும், கண்ணு வெள்ளையாப் போவும். இரை எடுக்க முடியாமச் செத்தும் போவும். சிலது தோலை உரிச்சுப் போட்டுட்டு அதோட தப்பிச்சுக்கும்."

வேலை என்னவோ எளிமையானதுதான். மேரி பிடித்து வைத்திருக்கிற பாம்பை விடுவதற்கு முன்னால் பிரியதர்ஷினி வந்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் அதன் முகத்திலும் உடம்பிலும் துடைத்து எடுப்பாள். அந்தக் குச்சி பரிசோதனைக்குப் போகும். அடையாளத்துக்காக வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தை, பாம்புக்குப் பாம்பு வேறு இடத்தில், துளி நறுக்கிவிடுவாள். நமக்கு நகம் வெட்டுவதுபோலத்தான்; ஆனால் தோல் உரித்த பிறகும் அந்த வெட்டு கொஞ்ச நாளைக்குத் தெரியும்.

முதலில் கிடைத்தது ஒரு சாரை. மக்காச்சோளக் கிடங்கில் பிடித்தது. வாயோரமெல்லாம் பொருக்கு, ஒரு கண் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. முடிவு வந்ததும் பிரியதர்ஷினி துள்ளிக் குதிக்காத குறை. "இருக்குக்கா! நம்ம ஊர்ல இருக்கு!" என்றாள். நோய் இருப்பதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாளே என்று மேரிக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் கட்டுரையில் உங்கள் பெயரும் வரும் என்று சொன்னவுடன் அந்தத் திக்கெல்லாம் போய்விட்டது. அன்று ரசம் பிரமாதம்.

அதற்குப் பிறகுதான் குட்டை குழம்பியது. மேரி பிடித்த தண்ணீர்ப்பாம்புக்கு நோய். கொம்பேறி மூக்கனுக்கு நோய். மளிகைக்கடைச் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் சுருண்டிருந்த நல்லபாம்புக்கு நோய். இவற்றில் எதன் உடம்பிலும் ஒரு பொருக்கு இல்லை. ஏரிக்கரையில் மீன்வலையில் சிக்கி உடம்பெல்லாம் கிழிந்து சீழ் பிடித்துக் கிடந்த கண்ணாடிவிரியனுக்கு மட்டும் நோய் இல்லை. கம்பைநல்லூர்ப் பக்கம் பாம்பு பிடிக்கிற முனிராஜ் கொடுத்தவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. பிரியதர்ஷினியின் பேராசிரியர் முதலில் வாழ்த்துச் சொன்னார். பிறகு கேள்வி கேட்டார். கடைசியில் கேள்வியும் கேட்காமல் உம் கொட்ட ஆரம்பித்தார். உம் கொட்டுவதுதான் பயமாக இருக்கிறது என்றாள் பிரியதர்ஷினி.

"பொம்மிடி தண்ணியில ஏதாச்சும் இருக்குமோ?" என்று மேரி கேட்டாள்.

"அப்படின்னா வலையில மாட்டின விரியனும் இதே ஏரிதானேக்கா?"

"அதுவும் சரிதாங்க."

"அதுக்கு இருந்தது வலை அறுத்த புண்ணு, பூஞ்சை இல்லைன்னு வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணுமே இல்லாத பாம்புக்கெல்லாம் எப்படி வருது?"

இரண்டு பேரும் இப்படி எதையாவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த அடுத்த நிமிடமே அது உதவாது என்று தெரிந்துவிடும். மேரி சாரையையும் விரியனையும் மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டே, தாளித்த சாம்பாரில் மறுபடியும் கடுகு தாளித்துக் கொட்டினாள். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் பிரியதர்ஷினி, இனிமேல் நீங்கள் பிடிக்கிறபோதே நானும் கூட வருகிறேன் என்று வந்துவிட்டாள். அழைப்பு செல்லம்மாள் வீட்டிலிருந்து வந்தது. தோட்டத்துக்கு நடுவில் பெரிய வீடு, வசதியான குடும்பம். குளியலறையில் கட்டுவிரியன் கிடக்கிறது என்று வீட்டில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். போய்ப் பார்த்தால் அது வெள்ளிக்கோல் வரையன். வரிகளைப் பார்த்துக் கட்டுவிரியன் என்று பயந்துவிடுகிறார்கள். பல்லியைத் தின்றுவிட்டுத் தன்பாட்டுக்குக் கிடக்கிற அப்பாவி ஜீவன். மேரி பிடித்துக்கொள்ள, பிரியதர்ஷினி அங்கேயே குளியலறைத் தரையில் உட்கார்ந்து குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டாள். அப்புறம் பாம்பு பைக்குள் போனது.

பாம்பு புகுந்த வீட்டுக்காரர்கள் ஒரு தனி ரகம். பைக்குள் போகிறவரைக்கும் அது பாம்பு. "அடி, கொல்லு, விடாதே" என்று கூப்பாடு. பைக்குள் போய் வாயைக் கட்டிய மறுநிமிடம் அது சாமி ஆகிவிடும். செல்லம்மாள் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"சாமீ, தெரியாம வந்துட்ட. நாங்களும் தெரியாம ஏதோ சொல்லிட்டோம். மனசுல வெச்சுக்காத தாயே, போயிட்டு வா. வராத... இல்ல, நல்லபடியாப் போ" என்று பை முழுக்க நனைய ஊற்றினாள். எல்லா வீட்டிலும் இது உண்டு. மேரி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முழங்கால் போடுகிறவள்தான். ஆனாலும் மஞ்சள் தண்ணீருக்குக் குறுக்கே நின்றதில்லை. அவர்கள் பயம் அடங்கினால் அடுத்த பாம்பை அடிக்க மாட்டார்கள். தவிர, மஞ்சள் கிருமிநாசினி என்று அவளும் நம்பியிருந்தாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளம் ஒன்றை வெட்டி அவளே தைத்தது. பல்லும் நுழையாது, கிழியவும் கிழியாது. அந்தப் பை கைக்கு வந்த பிறகு ஒரு பாம்பும் அவளைத் தீண்டியதில்லை. அதனால் ராசியான பை. வேறு பையே கிடையாது. எந்தப் பாம்பானாலும் அதற்குள்தான்.

வெளியே வந்து வண்டிச் சீட்டைத் தூக்கினாள். பை வழக்கமாக இருக்கிற இடம் அந்தப் பெட்டிதான். சீட்டைத் தூக்கியதும் பிரியதர்ஷினி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இந்த வாடை?"

மேரிக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பழகிய மூக்கு.

"பையை எப்பக்கா காய வெச்சீங்க?"

மேரி சீட்டை இறக்கி மூடப் பார்த்தாள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒருசமயம் பையைத் துவைத்து வீட்டு வாசலில் கொடியில் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற வழியில்தான் அவள் வீடு. பாஞ்சாலி என்ற பெண்மணி அதைப் பார்த்துவிட்டு நேரே தலைமையாசிரியரிடம் போனாள். "பாம்பு கிடந்த பையை அலசுன கையில ஆக்கிப் போடறா, அதை எங்க வூட்டுப் பிள்ளை திங்கணுமா?" என்று கேட்டாள். அதற்கு அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவந்தார்கள். அந்தப் புகாருக்குள் பாம்பைத் தவிர வேறு என்னவெல்லாம் இருந்தது என்பது மேரிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னது பாம்பை மட்டும்தான். அன்றையிலிருந்து பை வெயிலைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் தண்ணீரோடு சுருட்டிப் பெட்டிக்குள் போட்டால், அடுத்த பாம்புக்குத்தான் வெளியே வரும்.

அவள் இதை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள். பிரியதர்ஷினி தலைமையாசிரியரைத் திட்டவும் இல்லை, பாஞ்சாலியைத் திட்டவும் இல்லை. ஒரு புதுக் குச்சியை எடுத்துப் பையின் வாயோர உள்மடிப்பில் தேய்த்தாள். பாம்பை விடுவதற்குமுன் அதையும் இன்னொரு தடவை துடைத்து எடுத்தாள். பாம்பு போனபின் கத்தரிக்கோலால் பையின் ஒரு மூலையை வெட்டி எடுத்துக்கொண்டாள். ராசியான பையில் கத்தரி பட்டபோது மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவு வந்தது. பைக்குள் போவதற்கு முன்னால் வெள்ளிக்கோல் வரையனுக்கு நோய் இல்லை. பையிலிருந்து வெளியே வந்தபின் இருக்கிறது. பையில் இருக்கிறது. வெட்டிய துண்டில் நிறையவே இருக்கிறது. மேரி பிடித்தவற்றில், வலையோடு பிளாஸ்டிக் டிரம்மில் போன விரியன் மட்டும்தான் அந்தப் பைக்குள் போகவே இல்லை. முனிராஜின் பாம்புகள் வந்தது அவனுடைய பையில்.

பொருக்குத் தட்டிய முதல் சாரை பைக்குள் போயிருக்கிறது. அது விட்டுப்போனது ஈரத்தில் வளர்ந்திருக்கிறது. அவ்வளவு நாள் புரியாதது ஒரே மூச்சில் புரிந்துவிட்டது என்று மேரி நினைத்தாள். அந்த நினைப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது.

"அப்ப என்னாங்க மேடம், பாம்புக்கெல்லாம் நோய் இல்லையா? பையிலதான் நோயா?"

"இருக்கலாம்க்கா. பையில இருந்த பூஞ்சை பாம்பு மேல ஒட்டி, அங்கிருந்து என் குச்சியில வந்திருக்கலாம். அப்ப அதுங்க நல்லாத்தான் இருக்கும். நான் எடுத்தது எல்லாம் வீணாப்போச்சு, அவ்வளவுதான்."

"அப்பாடா."

"இல்லைன்னா," பிரியதர்ஷினி தயங்கினாள். "மேல ஒட்டினது அப்படியே தோலுக்குள்ள பிடிச்சும் இருக்கலாம்."

"என் பையால?"

"தெரியலைக்கா."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க மேடம். நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க, இல்ல நாந்தான் நோயைக் குடுத்தன்னு சொல்லுங்க. ரெண்டும் சொன்னா நான் என்னா பண்றது?"

பிரியதர்ஷினியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவளுக்கும் ஒரு மழைக்காலத்து உழைப்பு போயிருக்கிறது. ஆனால் மேரிக்குப் போனது வேறு. இத்தனை வருடமாக ஒவ்வொரு பாம்பையும் மலையடிவாரத்தில் விட்டுவிட்டு, போய்ப் பிழைத்துக்கொள் என்று கையைத் தட்டிவிட்டு வந்தாளே, அந்தப் பெருமை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. காப்பாற்றினாளா, கழியால் ஒரே அடியில் முடிந்திருக்க வேண்டியதை மாதக்கணக்கில் பட்டினி போட்டாளா?

கலைவாணனிடம் கேட்டாள். அவன் யோசித்தான்.

"தெரிஞ்சா பண்ண? விடு மேரி."

"தெரியாமப் பண்ணா அதுக்கு வலிக்காதா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

மேரி போனை எடுப்பதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது அடித்த போனையும் எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தது. தன் கை படாவிட்டால் அதற்கு நல்லதுதானே என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. வாசல் மண்ணில் ஒரு சாரை, தலை நசுங்கி, பக்கத்தில் கழி. "நீங்க எடுக்கல அக்கா. குழந்தைங்க இருக்குற வூடு, என்னா பண்றது" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அவள் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடித்தவர்களைத் திட்டவில்லை. அந்தச் சாரையின் முகம் நசுங்காமல் இருந்தால் வாயோரத்தில் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பிடித்தால் நோயைக் கொடுக்கிறோம், பிடிக்காவிட்டால் சாகவிடுகிறோம். அழுது முடித்தபின் பிரியதர்ஷினியை அழைத்தாள்.

"மேடம், விட்ட இடத்துல போயி பாக்கலாங்க. ஒண்ணையாச்சும் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

"கிடைக்குறது ரொம்பக் கஷ்டம்க்கா."

"தெரியுங்க. போலாம்."

மலையடிவாரத்தில் பாறைகள் குவிந்து கிடக்கிற இடம் அது. எல்லாப் பாம்பையும் வனத்துறையில் சொல்லிவிட்டு அங்கேதான் விடுவாள். காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். வெயில் ஏறுகிறவரை பாறை இடுக்கெல்லாம் தேடினார்கள். ஓணானும் அரணையும்தான் ஓடின. தண்ணீர்ப்பாம்பு இல்லை, கொம்பேறி மூக்கன் இல்லை, அப்பாவி வெள்ளிக்கோல் வரையன் இல்லை. இவள் வந்ததே அவற்றுக்குப் பிடிக்கவில்லையோ என்று மேரிக்குத் தோன்றியது. பைத்தியக்கார நினைப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் தோன்றியது.

திரும்பலாம் என்று எழுந்தபோது ஒரு முட்செடியின் அடியில் சட்டை கிடந்தது. பாம்புச் சட்டை. பிரியதர்ஷினி கையுறை மாட்டிக்கொண்டு, கிழியாமல் மெல்ல எடுத்து விரித்தாள். கழுத்துப் பக்கம் அகலமாக இருந்தது, நல்லபாம்பு. வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். செதிலின் ஓரத்தில் துளி வெட்டு.

"மளிகைக்கடை நல்லபாம்புக்கா."

மேரி சட்டையின்மேல் குனிந்தாள். "உசுரோட இருக்குது! சட்டை உரிச்சிருக்குதுன்னா உசுரோடதான இருக்குது?"

"உரிச்சப்போ இருந்திருக்கு."

பிரியதர்ஷினி சட்டையின் தலைப்பகுதியைத் திருப்பினாள். வாயோரம் மற்ற இடத்தைப்போலக் கண்ணாடியாக இல்லை. மஞ்சளாக, தடிப்பாக, சிறுசிறு பொருக்காக இருந்தது.

இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்கள். காவலர் கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் குடித்தார்.

"பிடிச்சன்னிக்கு இதுக்கு வாய் நல்லா இருந்துச்சு" என்றாள் மேரி. "மினுமினுன்னு இருந்துச்சு. நான் பாத்தன்."

"நானும் பாத்தேன். ஆனா ஆரம்பத்துல வெளியில தெரியாமலும் இருக்கும்க்கா. நீங்க பிடிக்கறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள இருந்திருக்கலாம். இது மண்ணுலயும் இருக்குற பூஞ்சைதான்."

"பையாலயும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இப்ப சட்டையோட போயிடுச்சா?"

"போயிருக்கலாம். புதுத் தோல்லயும் மறுபடி வந்திருக்கலாம்."

மேரி சிரித்துவிட்டாள். என்னவென்று தெரியாத சிரிப்பு, அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. சென்னையிலிருந்து வருகிற எந்த முடிவும் இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நல்லபாம்பு இந்தப் பாறைக்குள் எங்கோ இருக்கிறது, அல்லது இல்லை. அவள் அதைக் காப்பாற்றினாள், அல்லது நோயாளியாக்கினாள், அல்லது இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து இங்கே விட்டாள். சாகிற வரைக்கும் இது தெரியப்போவதில்லை.

"இனிமேலு என்னா பண்ணணும்னாச்சும் தெரியுமா மேடம்?"

"அது தெரியும்க்கா" என்றாள் பிரியதர்ஷினி. அன்று முழுக்க அவள் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். "ஒரு பாம்புக்கு ஒரு பை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கொக்கி, பை ரெண்டையும் ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் தண்ணியில நல்லா ஊற வெச்சு அலசணும். அப்புறம் வெயில்ல காயணும். மொடமொடன்னு காயணும்."

மேரி தலையாட்டினாள். வெயில் என்றதும் வாசல் கொடிதான் அவள் நினைவுக்கு வந்தது.

அடுத்த அழைப்பு, வேடிக்கையைப் பாருங்கள், மறுபடியும் செல்லம்மாள் வீட்டிலிருந்துதான். இந்த முறை நிஜமாகவே நல்லபாம்பு, மாட்டுக்கொட்டகையில். மேரி வெள்ளைக் காடாத் துணியில் புதிதாகத் தைத்த பை ஒன்றோடு போனாள். பிடித்து, உள்ளே விட்டு, வாயைக் கட்டியதும் செல்லம்மாள் சொம்போடு வந்தாள். மேரி பையைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாங்கம்மா. தண்ணி ஊத்தாதீங்க."

"என்னாடி இது புதுசா? சாமிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தாம அனுப்புறதா? குடும்பத்துக்கு ஆவுமா?"

"ஈரம் பட்டா சாமிக்குத் தோலு புண்ணாவுதுங்க. புத்து வெச்ச இடத்துல ஊத்துங்க, உங்க வாசல்ல ஊத்துங்க. பை மேல வேணாங்க."

"இத்தினி நாளா ஊத்துனமே?"

"ஆமாங்க" என்றாள் மேரி. "ஊத்துனோம். நானும் நனைச்சு நனைச்சு எடுத்துட்டுப் போனன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, செல்லம்மாள் சொம்பைக் கீழே இறக்கினாள். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் தண்ணீரை மாட்டுக்கொட்டகை வாசலில் ஊற்றினாள்.

மறுநாள் காலை, சமைக்கப் போகுமுன் மேரி பக்கெட்டிலிருந்து வெள்ளைப் பையை எடுத்துப் பிழிந்தாள். இரவெல்லாம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்த ஜமுக்காளப் பையையும் எடுத்தாள். மூலை வெட்டிய பை. எரித்துவிடலாம் என்று பிரியதர்ஷினி சொல்லியிருந்தாள். இனி அதில் ஒரு பாம்பையும் போடுவதாக இல்லை. ஆனால் அதை ஒளித்து எரிக்க மேரிக்கு மனம் வரவில்லை. ஒளித்து வைத்ததால் வந்ததுதானே எல்லாம். கொல்லைப்பக்கம் இரண்டு வேப்பமரங்கள், வெயில் எட்டாது. வெயில் விழுகிற கொடி வாசலில்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகிற நேரம். வெள்ளைப் பையைப் போட்டு கிளிப் மாட்டினாள். ஜமுக்காளப் பையையும் போட்டு மாட்டினாள். தெருவில் நடந்து வந்த கால்கள் நின்றது காதில் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது.

"ஏ மேரி, அது அந்தப் பாம்புப் பைதான?" என்றாள் பாஞ்சாலி. பேத்தியைக் கையில் பிடித்திருந்தாள்.

கலைவாணன் கதவுக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அழுக்குத் துணி போடுகிற பைதான், மிதியடி தைக்கப்போகிற துண்டு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். மேரிக்கு அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது.

"ஆமாங்க. பாம்புப் பைதாங்க. காயணும்."

"இங்கதான் காயணுமா?"

"இங்கதாங்க வெயிலு விழுவுது."

பேத்தி பாட்டியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள இருக்குதா?" என்று கேட்டாள். மேரி இல்லை என்று தலையாட்டினாள். பாஞ்சாலி பிள்ளையை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். பிள்ளையை விடத்தான் போகிறாளா, தலைமையாசிரியர் அறைக்குப் போகிறாளா என்று அவள் நடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மதியம் தட்டுகள் வரிசையில் நிற்குமா, டப்பாக்கள் வருமா என்றும் தெரியவில்லை. மேரி கிளிப்பைக் கழற்றினாள். ஜமுக்காளப் பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஈரம் இருந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டி மறுபடியும் மாட்டினாள்.